சிவப்புத் தொப்பி ரசிகர்

புதுச்சேரி தியேட்டர்களில் ஒரு வகை ரசிகர் உண்டு. போலீஸ் படம் என்றால் முதல் நாளே ஆஜர்; ஆனால் படத்தில் ஒரு காட்சியையும் நம்பமாட்டார். கதாநாயகனின் கூட்டாளி ஏட்டு, "அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் சார்" என்றதும் பக்கத்து சீட்டுக்காரர் தொடையைத் தட்டி, "இடைவேளைக்குள்ள ஆள் காலி" என்பார். அவர் கணிப்பும் தப்பியதில்லை, ஏட்டும் தப்பியதில்லை.

இவருக்கென்றே எடுத்ததுபோல 2018இல் சி.எஸ்.அமுதனின் 'தமிழ்படம் 2' வந்தது. மிர்ச்சி சிவா போலீஸ் அதிகாரி. கூட்டம் விழுந்து சிரித்த இடங்களில் நம்மவர் சிரிக்கவில்லை. கச்சேரியில் ராகத்தைக் கண்டுபிடித்தவர்போல மெல்லத் தலையாட்டினார். எது எந்தப் படத்தின் நக்கல் என்று பிடிக்க 'காக்க காக்க' மனப்பாடமாக இருக்க வேண்டுமே! இருந்தது. 2003இல் அந்தப் படத்தின் போலீஸ் நாயகன் அன்புச்செல்வனைப் பார்த்துவிட்டு முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட ஆள்தான் இவர்.

ஹாலிவுட்டிலும் அப்படியே. 'லெத்தல் வெப்பன்' ஜோடியைவிட, அந்த ரகத்தையே கிண்டலடித்த 'தி அதர் கைஸ்' (2010) மேல்தான் பிரியம். இரண்டு சூரப்புலிப் போலீஸ்காரர்கள் மாடியிலிருந்து குதித்துச் செத்துப்போகும் காட்சியைச் சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிடும். "புதரைப் பாத்துக் குதிக்கிறானுங்க தம்பி, கீழ புதரே இல்ல!"

ஆனாலும் ஊர்ப்பாசம் விடாது. "இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் பொறந்தவன் ரௌடின்னு பீலா உடறான். 'நானும் ரௌடிதான்' படத்தை பாண்டிச்சேரிய உட்டா எங்க எடுப்பான்?" என்பார். யோசித்தால் நியாயம்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் கிளம்பும்போது விட்டுப்போன சிவப்புத் தொப்பியை நம் கான்ஸ்டபிள்கள் இன்னும் போடுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு எவன் பஞ்ச் வசனம் பேசுவான்? வில்லன் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மிரட்டவும் வழியில்லை. தூரமாக மாற்றினால் புதுச்சேரியின் இன்னொரு துண்டான ஏனாம். அங்கே கோதாவரி ஓடுகிறது.

நம்மவரிடம் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. சிவப்புத் தொப்பி ஒருத்தர், தமிழ்நாட்டுக் காக்கித் தொப்பி ஒருத்தர். துரத்தல் கடற்கரைச் சாலையில் ஆரம்பம்; சாயங்காலம் அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பதால் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு ஓட வேண்டும். ரௌடி கோட்டக்குப்பத்தில் கால் வைத்ததும் சிவப்புத் தொப்பி நின்றுவிடுகிறார். அது தமிழ்நாடு.

"அப்புறம் எப்படிண்ணே பிடிக்கிறது?"

"ரௌடி பையில ரெண்டு குவார்ட்டர் இருக்கு தம்பி. தமிழ்நாட்டுப் போலீஸ் பிடிக்காம உட்ருவானா?"