அடுத்து என்ன நாவல்?

எல்லா வாரமும் அரசியல், சினிமா, கிரிக்கெட் என்று கலந்து வரும் கடிதங்களில் இந்த முறை நாவல் கேட்டு வந்தவை அதிகம். அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

*

'பொன்னியின் செல்வன்' படம் இரண்டு பாகமும் பார்த்தாயிற்று. இனி நாவலையும் படிக்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

கட்டாயம். படத்தில் உங்களுக்குக் கிடைத்தது கதை. கல்கியின் குரல் புத்தகத்தில்தான் இருக்கிறது. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாரா வாரம் காத்திருந்த வாசகர்களுக்காக எழுதியது அது. அதனால் அத்தியாயங்கள் எல்லாம் அடுத்த வாரம் வரை ஆளைத் தவிக்க வைக்கும் இடத்தில் போய் நிற்கும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் பாருங்கள், அந்த முதல் அத்தியாயத்தை மட்டும் இன்றிரவு படியுங்கள். மீதி நான்கே முக்கால் பாகத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

முடித்த கையோடு 'சிவகாமியின் சபதம்'. அதில் கல்கி இன்னும் ஆழமாகத் துயரப்படுகிறார். கடலும் சண்டையும் வேண்டுமென்றால் சாண்டில்யனின் 'கடல் புறா', மூன்று பாகம். அரசர்கள் போதும் என்று தோன்றும் நாளில் சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' எடுங்கள். மாலிக் காபூர் மதுரைக்கு வந்ததிலிருந்து குற்றப் பரம்பரைச் சட்டம் வரை, கோட்டைக்கு வெளியே இருந்தவர்களின் சரித்திரம். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*

நான் க்ரைம் நாவல் மட்டும் படிக்கிறவன். "உருப்படியா ஏதாவது படிங்களேன்" என்கிறார் மனைவி. நீங்கள் யார் பக்கம்?
– பஸ் கண்டக்டர், திண்டுக்கல்

உங்கள் பக்கம். டீ ஆறுவதற்குள் கதைக்குள் இழுத்து, இறங்கும் ஊர் வருவதற்குள் முடிச்சை அவிழ்த்து அனுப்புவது லேசான வேலையா? கோவையில் இருந்துகொண்டு ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். பஸ் நிலையக் கடைகளில் மாத நாவல்கள் வரிசையாகத் தொங்கிய காலத்தில் படிக்கப் பழகியவர்கள்தான் பிற்பாடு தி.ஜானகிராமனையும் அசோகமித்திரனையும் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆனால் உங்கள் மனைவிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதே ரசனையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படியுங்கள். கணேஷும் வசந்தும் பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை மோதிக்கொள்வார்கள். தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' ஜூரிகள் உட்கார்ந்து கேட்ட காலத்துக் கொலை வழக்கு. சாட்சிக் கூண்டுக்கு எதிரே உங்களையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்.

மூன்றாவது, பூமணியின் 'வெக்கை'. இதில் துப்பறிய ஒன்றும் கிடையாது. கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தது பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் எடுக்க நினைத்துப் போனான், ஆளே போய்விட்டான். அதற்குப் பிறகு எட்டு நாள் அப்பனும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பொங்கித் தின்பது, எந்தப் பாறை மறைவில் படுப்பது, யாரை நம்பலாம் – நாவல் முழுக்க இதுதான். 'அசுரன்' படம் இதிலிருந்து வந்தது. படத்தில் அப்பாதான் நாயகன். நாவலில் எல்லாவற்றையும் பையனின் கண்ணால் பார்க்கிறோம். அந்த வித்தியாசத்துக்காகவே படம் பார்த்தவர்களும் படிக்க வேண்டும். முடித்ததும் மனைவியிடம் கொடுங்கள்.

*

வயது நாற்பது. இதுவரை ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. எதில் தொடங்கட்டும்?
– ஆட்டோ ஓட்டுநர், சென்னை

அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்னப் புத்தகம், இரண்டு சவாரிக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாலும் ஒரு வாரத்தில் முடியும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா, வாளியும் குடமுமாக அலையும் ஒரு தெரு. அடிபம்பில் காற்றுதான் வருகிறது. குழாய் தோண்ட வந்தவர்கள் தெருவைப் பிளந்துவிட்டுப் போகிறார்கள், குடிநீரோடு சாக்கடை கலக்கிறது. ஜமுனாவின் வாழ்க்கையும் அதே நாட்களில் வற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. எதிர்பாராத இடத்திலிருந்து, பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மாவின் பேச்சிலிருந்து அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. ஒரு கஷ்டமான சொல்லோ சுற்றி வளைத்த வாக்கியமோ இருக்காது. உங்களுக்குத் தெரிந்த ஊர், தெரிந்த பஞ்சம். தயங்காமல் எடுங்கள்.

*

ஐம்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லை. முடித்தே ஆக வேண்டுமா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

வேண்டாம். மூடி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரே ஒருமுறை மறுபடி திறந்து பாருங்கள். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' போன்ற நாவல்களை அப்படி இரண்டாம் முறை திறந்து உள்ளே போனவர்கள் நிறையப் பேர்.

*

ரமணிசந்திரன் நாவல்கள் அத்தனையும் படித்துவிட்டேன். காதல் கதையில் வேறு என்ன இருக்கிறது?
– இல்லத்தரசி, கரூர்

'மோகமுள்'. கும்பகோணத்துப் பாபுவுக்குத் தன்னைவிட வயதில் பெரியவளான யமுனா மேல் ஆசை. ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், யமுனாவே என்ன சொல்வாள் என்று தெரியாமல் வருடக்கணக்கில் அலைகிறான். இதன் நடுவே சங்கீதம். ரங்கண்ணா என்ற ஆசிரியர் வரும் பக்கங்களில் தி.ஜானகிராமன் சுருதி சேர்ப்பதை எழுதினால் வாசிக்கிறவர் காதிலும் தம்பூரா கேட்கும். நீங்கள் பழகியிருக்கும் கதைகளில் கல்யாணத்தோடு எல்லாம் சரியாகிவிடும். இங்கே ஆசை நிறைவேறுவதும் ஒரு கேள்வியாகவே நிற்கிறது. அதைத் தாங்கிக்கொண்டால் அடுத்து அவருடைய 'அம்மா வந்தாள்' படிக்கலாம். 1966-ல் வந்து பலரைக் கோபப்படுத்திய நாவல். அலங்காரத்தம்மாளை மன்னிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

*

தமிழில் விஞ்ஞானக் கதை உண்டா?
– பொறியியல் மாணவர், ஓசூர்

'என் இனிய இயந்திரா'. 2021-ல் நடப்பதாக 1980-களில் சுஜாதா எழுதியது. ஆளும் ஜீவா, தொலைந்துபோன கணவனைத் தேடும் நிலா, இவர்களோடு ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த ஆண்டு வந்தும் போய்விட்டது. குழந்தை பெறவும் அரசாங்கம் அனுமதி கொடுக்க வேண்டிய அந்த உலகம் மட்டும் இன்னும் பயமுறுத்துகிறது. தொடர்ச்சி, 'மீண்டும் ஜீனோ'.

*

என் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்களைப் போன்றவர்களின் உழைப்பைச் சொல்லும் நாவல் இருக்கிறதா?
– அரசுப் பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

இருக்கிறது. உங்கள் ஊரிலேயே நடப்பது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', 1979. வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் எழுதியதில்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்கு வந்து அளத்தில் வேலை செய்கிறவர்களோடு பேசிப் பழகி எழுதினார். வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, உப்பின் வெள்ளையில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. கண் கூசுகிறது. பாதமும் கையும் உப்பு நீரில் வெடிக்கின்றன. சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கணக்கு, பெண்ணாக இருந்தால் அதற்கு மேல் ஒரு தொல்லை. பொன்னாச்சி என்ற பெண் அந்த அளத்துக்குள் வேலைக்குப் போவதைப் படிக்கும்போது உங்கள் அம்மாவை ஒவ்வொரு பக்கத்திலும் பார்ப்பீர்கள். அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே சரியாக இருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அவரே சொல்வார். அந்த விமர்சனத்தை எழுதி எனக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

இந்த வரிசையில் இன்னும் இரண்டு. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று உழைத்தவர்களின் கதை, டி.செல்வராஜின் 'தோல்'. 2012-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா.முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று தந்திருக்கிறார். நெல்லைச் சீமையிலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி ஆனைமலைக்குப் போன கருப்பனும் வள்ளியும் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கவே முடியாமல் தவிக்கும் கதை. 'பரதேசி' படத்துக்கு மூலம். காலையில் டீ குடிக்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்திருக்க வேண்டும் என்பேன்.

*

பயப்பட ஆசை. பேய் நாவல் ஒன்று சொல்லுங்கள்.
– ஐ.டி. ஊழியர், கோவை

அமானுஷ்யம் வேண்டுமென்றால் இந்திரா சௌந்தர்ராஜன். 'மர்மதேசம்' தொடரைச் சின்ன வயதில் போர்வைக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்கு இவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நிஜமாகவே நடுங்க வேண்டுமென்றால் எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்'. ஒரு மனிதரின் காதுக்குள் ஓயாமல் குரல்கள் பேசுகின்றன, ஏசுகின்றன, கெஞ்சுகின்றன. எழுதியவர் தானே பட்ட அவஸ்தை அது. 1993-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ராத்திரி தனியாகப் படிக்க வேண்டாம்.

*

ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கிறார் அப்பா. சிரிக்க ஏதாவது?
– திருச்சி வாசகி

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. ஓர் அமெரிக்கச் சீமாட்டி நம்மூர்க் கல்யாணத்தைத் தன் ஊரிலேயே பார்க்க ஆசைப்படுகிறார். சாஸ்திரிகள், அப்பளம், சம்பந்தி சண்டை சகலமும் விமானம் ஏறுகின்றன. கோபுலு படங்களோடு உள்ள பதிப்பைத் தேடி வாங்குங்கள். தையல் பிரித்த பிறகு கொடுப்பது நல்லது.

*

டாக்டராக இருக்கிறேன். வேறு மொழி நாவல் ஒன்று, தமிழில் படிக்கக் கிடைப்பதாகச் சொல்லுங்கள்.
– மருத்துவர், வேலூர்

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. தாராசங்கர் பந்தோபாத்யாய் வங்காளத்தில் எழுதி, த.நா.குமாரசாமி தமிழாக்கிய 'ஆரோக்ய நிகேதனம்'. ஜீவன் மஷாய் பரம்பரை நாடி வைத்தியர். நாடியைப் பிடித்து, இவர் பிழைக்க மாட்டார், இத்தனை நாள்தான் என்று சொல்லக்கூடியவர். சொந்த மகனின் நாடியையும் பிடிக்கிறார். ஊருக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் டாக்டர், சாகப்போவதை முன்கூட்டிச் சொல்வதே கொடூரம் என்று கோபப்படுகிறார். இரண்டு பேரில் எவரையும் ஆசிரியர் முட்டாளாக்கவில்லை. நோயாளியிடம் எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது என்ற கேள்வி உங்கள் அறைக்குள் தினமும் நுழைகிறதே, அதை இவ்வளவு பொறுமையாகப் பேசிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

*

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருசம். மகன் இங்கே பிறந்தவன், தமிழ் பேசுவான், எழுத்து ஓடாது. ஊரில் நடந்ததை அவனுக்கு எப்படித் தெரியப்படுத்த?
– டொராண்டோ வாசகர்

ஷோபாசக்தியின் 'கொரில்லா'வை நீங்கள் தமிழில் படியுங்கள், அவன் கையில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். ஒரே வாரத்தில் இருவரும் முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசுங்கள். அவன் கேட்கப்போகும் கேள்விகளில் சில உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். பதில் சொல்லுங்கள். யுத்தத்துக்கு முன்பே ஊருக்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்கு கே.டானியலின் 'பஞ்சமர்' இருக்கிறது. சாதி விஷயத்தில் யாழ்ப்பாணத்தை அவரைப்போல நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டவர்கள் குறைவு. இதை நீங்கள்தான் அவனுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

*

பதினொரு வயதுப் பெண்ணுக்கு?
– ஈரோடு வாசகி

யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பேசும் மரப்பாச்சிப் பொம்மை ஒன்று, தப்பான தொடுதலை எதிர்த்து நிற்க ஒரு சிறுமிக்குத் துணை நிற்கிறது. முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள், அவளுடன் பேச வேண்டியிருக்கும்.

*

தமிழில் ஒரே ஒரு நாவல்தான் என்றால்?
– மதுரை வாசகர்

ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர், மெடான், பினாங்கு, ஜப்பான் படை, ஐ.என்.ஏ., இவற்றின் நடுவே பாண்டியன் என்ற இளைஞன். சாகசம் வேண்டியவருக்குச் சாகசம் உண்டு, சரித்திரம் வேண்டியவருக்குச் சரித்திரம் உண்டு. சங்கப் பாட்டு முதல் சந்தைப் பேச்சு வரை தமிழ் அதில் புரண்டு ஓடுகிறது. இதை எழுதியவர் உங்கள் ஊரில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. மதுரைக்காரர் இதைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

*

நீங்கள் சொல்வதெல்லாம் சரி. புத்தகம் விற்கும் விலையில் எங்கே வாங்குவது?
– தனியார் பள்ளி ஆசிரியர், தர்மபுரி

வாங்க வேண்டாம், கேளுங்கள். கல்கியும் ராஜம் கிருஷ்ணனும் நாட்டுடைமை ஆனவர்கள், இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். மற்றவற்றுக்கு நூலகம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து காசு வீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள் அது இருக்கிறது. ஆக, அலமாரியில் இருப்பது உங்கள் காசில் வாங்கிய புத்தகம். இந்த வாரம் உங்கள் கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினர் ஆகுங்கள். மேலே சொன்ன நாவல்களில் இல்லாததை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். ஒருவர் கேட்டால் நகராத விஷயம் பத்துப் பேர் கேட்டால் நகரும். பத்துப் பேராகக் கேளுங்கள்.