ஹார்ட் டிஸ்க் நிறைதலும் மாந்தர் மெய்ப்பாடுகளும்: ஒரு முன்னாய்வு

ஆய்வுப் பொருள்: ஹார்ட் டிஸ்க் வாங்கும் மனிதனும், அது நிறைந்ததும் அவன் முகம் போகும் போக்கும். ஆய்வு எல்லை: என் மேசை, என் மைத்துனன் மேசை, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. முதன்மைச் சான்றுகள்: மேற்படி மேசைகளில் கிடக்கும் டிஸ்க்குகள். துணைமைச் சான்றுகள்: அவற்றைப் பற்றி உறவினர் சொன்னவை, சொல்லிவிட்டு மறுத்தவை. கருதுகோள்: எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் நிறையும். இக்கருதுகோள் கட்டுரையின் போக்கில் மெய்யென நிறுவப்படும். கருதுகோள் தோற்றுப்போன ஆய்வேடு ஒன்றை இவ்வாய்வாளர் எந்த நூலகத்திலும் கண்டதில்லை. அந்த மரபை முதன்முதலாக உடைக்கும் துணிவும் அவருக்கில்லை.

இத்துறையில் முன்னோர் செய்தவை எல்லாம் கொள்ளளவைப் பற்றியவை. எத்தனை பைட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்ன விலை. வாங்குபவன் மனநிலையை எவரும் தொடவில்லை. ஆகவே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைக் கையிலெடுக்க வேண்டியதாயிற்று. அங்கே மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு. தொல்காப்பியர் ஹார்ட் டிஸ்க்கை அறிந்திருந்தாரா என்ற வினாவுக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. அறிந்திருந்தார் என்று நிறுவ வேறு பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று கருத்தரங்குகளும் மதியச் சாப்பாடும் இருக்கின்றன.

அவர் நகையை முதலில் வைத்தார். இங்கே மருட்கை முதலில் வருகிறது. நல்ல உரையாசிரியர் ஒருவர் கிடைத்திருந்தால், முறை பிறழ வைத்ததிலிருந்தே மூன்று நுட்பங்களை வருவித்திருப்பார். உண்மைக் காரணம், மருட்கை பற்றிய குறிப்புத்தாள்தான் மேலே கிடந்தது.

மருட்கை, அதாவது வியப்பு, புதுமையிலிருந்து பிறக்கும். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட 350 என்னும் வட்டுப் பெட்டியே இதற்கு மூலநூல். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொண்டது 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் கட்டைவிரல் தவறுதலாக எடுத்த தரைப்படம் ஒன்றின் அளவு. பெருமை என்ற நிலைக்களனும் இதிலேயே அடங்கிவிடுகிறது. சிறியதைக் கண்டும் வியப்பு வரும் என்கிறது நூல்: 2019இல் விரல் நகமளவு மெமரி கார்டில் 1 டிபி வந்தது. நூலாசிரியர் சிறுமையைத் தனியே ஓதியது இந்தக் கார்டை நோக்கியே என்று ஓர் உரை உண்டு. அதை எழுதியவன் நான், எழுதியது சற்று முன்பு. மிஞ்சியது ஆக்கம், ஒன்று வேறொன்றாகத் திரிதல். மெல்லிய காந்த அடுக்குகளில் காந்தப்புலம் கொஞ்சம் மாறினாலும் மின்தடை நிறைய மாறும் என்று கண்ட ஆல்பர்ட் ஃபெர்ட்டுக்கும் பீட்டர் க்ரூன்பெர்க்குக்கும் 2007இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பால்தான் தட்டில் இன்னும் இன்னும் நெருக்கி எழுத முடிந்தது. அதே 2007இல் ஹிட்டாச்சி 1 டிபி டிஸ்க் கொண்டுவந்தது. எழுத வழி கண்டவர்களுக்கு நோபல் உண்டு. அழிக்க வழி கண்டவர் என்று இதுவரை எவரும் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. (என் மைத்துனன், நேர்ப்பேச்சு.)

நகைக்கு ஒரு சான்று போதும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி கூகுள், அஞ்சலுக்கு ஆளுக்கு 1 ஜிபி இலவசம் என்றது. மற்றவர்கள் சில எம்பி கொடுத்துக்கொண்டிருந்த காலம். முட்டாள்கள் தின வேடிக்கை என்று பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களே இப்போது 15 ஜிபி நிறைந்துவிட்டதென்று மாதச் சந்தா கட்டுகிறார்கள்.

இனி உவகை. புது டிஸ்க்கைச் செருகியதும் திரையில் நீளமாகத் தெரிகிற வெற்றுப் பட்டையைக் கண்டு பிறப்பது. அப்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: 'இனி ஆயுசுக்கும் போதும்.' (கடைக்காரர், ரிச்சி தெரு, பில் போடும்போது, என் மைத்துனன், அதே கணம், அதே சொற்கள், பாடபேதம் இல்லை.) இது பாமரர் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். பொறியாளர்கள் இதே வாக்கியத்தை டிஸ்க்குக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி டிஸ்க்கோடு வந்தது. அதற்கான டாஸில் டிஸ்க்கின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணையை வகுத்தவர்கள், செக்டர் எண்ணிக்கைக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2 டிபி. கையிலிருந்த டிஸ்க்கைப் போல இரண்டு லட்சம் மடங்கு! கொள்ளுப்பேரனுக்கும் சேர்த்து மனை வாங்கிப் போட்டவர்கள் அவர்கள். 2010இல் 3 டிபி டிஸ்க் கடைக்கு வந்துவிட்டது. அந்த ஆயுசு 27 ஆண்டு. இடையில் 2 ஜிபி எல்லை, 137 ஜிபி எல்லை என்று சில்லறை ஆயுசுகள் பலவும் முடிந்தன.

640 கேபி எவருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு மேற்கோள் உலவுகிறது. தான் சொல்லவில்லை என்று அவரே மறுத்தாகிவிட்டது. அது டிஸ்க்கைப் பற்றியதும் அன்று, நினைவகத்தைப் பற்றியது. இத்தகைய கட்டுரைகள் எதிலும் அது இடம்பெறாமல் போவதில்லை என்ற ஒரே காரணத்தால் இங்கும் இடம்பெறுகிறது.

வெகுளி பிறப்பது, அட்டைப்பெட்டியில் 1 டிபி என்றிருப்பதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும்போது. மிச்சம் 69 ஜிபி எங்கே? கடைக்காரர் கமிஷன் என்பது ஒரு கொள்கை. (மைத்துனனின் சித்தப்பா, கல்யாணப் பந்தி, சாம்பார் முடிந்து ரசம் வருமுன், இக்கருத்தை மோர் வந்தபோது அவரே திரும்பப் பெற்றார்.) உண்மையில் ஒரு பைட்கூடத் தொலையவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணிவிட்டு அதே அலகின் பெயரைப் போடுகிறது. குழப்பத்தைத் தீர்க்க 1998இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட் முதலிய தனிப்பெயர்களைச் சூட்டியது. கடையில் போய் 'ஒரு டெபிபைட் கொடுங்கள்' என்று கேட்டவரை இன்னும் பார்க்க வாய்க்கவில்லை. ஆப்பிள் 2009இல் தன் கணினிகளில் ஆயிரக் கணக்குக்கு மாறிக்கொண்டது. அதே டிஸ்க்கை அங்கே செருகினால் 69 ஜிபியும் திரும்பி வரும், கோபமும் ஆறும், இடம் மட்டும் கூடாது.

அமெரிக்காவில் இது நீதிமன்றப் படியும் ஏறியது. 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சமரசத்துக்கு உடன்பட்டு, இடம் குறைந்ததென்று முறையிட்டவர்களுக்கு ஒரு பேக்கப் மென்பொருளை இலவசமாகத் தர முன்வந்தது. அதாவது, இருப்பதையெல்லாம் இன்னொரு பிரதி எடுத்து, எஞ்சியிருக்கும் இடத்தையும் நிரப்பும் கருவி. இதைத் தீர்த்து வைத்தவர் யாராயினும் மெய்ப்பாட்டியலில் எள்ளல் என்ற பகுதியைக் கசடறக் கற்றவர்.

பெருமிதம்: பேக்கப்பே எடுக்காதவனிடம் காண்க.

அச்சத்துக்கு நூலாசிரியர் காட்டும் நான்கும் அப்படியே பொருந்துகின்றன. அணங்கு, நள்ளிரவில் டிஸ்க்குக்குள்ளிருந்து எழும் 'டிக், டிக்'. விலங்கு, கேபிளைக் கடிக்கும் எலி. கள்வர், 2017இல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாகிரை. தம் இறை என்ற நான்காவதை வீட்டில் இக்கட்டுரையைப் படிக்கப் போகிறவர் பொருட்டு விளக்காமல் விடுகிறேன்.

அழுகை. டிஸ்க்கின் தட்டுக்கும் அதன்மேல் மிதக்கும் தலைக்கும் இடைவெளி சில நானோமீட்டர். மேசைக்கும் தரைக்கும் இரண்டரை அடி. இவ்விரண்டு அளவுகளும் ஒருநாள் சந்திக்கும். வறுமையால் பிறக்கும் அழுகைக்கு 2011 சான்று: தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் ஆலைகள் மூழ்கி உலகெங்கும் விலை ஏறியது. அப்போதாவது உள்ளதை அழித்து இடம் செய்தார்களா என்றால், இல்லை; விலை இறங்கக் காத்திருந்தார்கள். (மைத்துனன், மேற்படி. அவன் காத்திருந்ததற்கு நானே கண்சாட்சி, நானும் காத்திருந்தேன்.)

எஞ்சியது இளிவரல். டிஸ்க் நிறைந்து, சரி அழிக்கலாம் என்று உட்கார்ந்து, உள்ளே போய்ப் பார்க்கும்போது தன்மேல் தனக்கே பிறப்பது. இதற்கு இவ்வாய்வாளர் எடுத்துக்கொண்ட மூலம், மைத்துனனின் கல்யாணப் பத்திரிகை. அச்சகத்தில் வடிவமைத்து, வீட்டில் திருத்தி, திரும்ப அனுப்பி, திரும்பத் திருத்தியது. கிடைத்துள்ள பிரதிகள்: 'பத்திரிகை', 'பத்திரிகை ஃபைனல்', 'பத்திரிகை ஃபைனல் 2', 'பத்திரிகை ஒரிஜினல் ஃபைனல்', 'பத்திரிகை இதுதான்', 'பத்திரிகை இதுதான் (2)'. இந்த ஆறும் லேப்டாப்பில் உள்ளன. லேப்டாப்பை அப்படியே நகலெடுத்த பழைய டிஸ்க்கில் உள்ளன. பழைய டிஸ்க்கை அப்படியே விழுங்கிய புது டிஸ்க்கில், 'பழைய டிஸ்க்' என்ற ஃபோல்டருக்குள், 'லேப்டாப் பேக்கப்' என்பதற்குள், 'நியூ ஃபோல்டர் (3)' என்பதற்குள் உள்ளன. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதே புது டிஸ்க்கின் முகப்பிலும் உள்ளன.

கருதுகோள் நிறுவப்படும் இடம் இதுதான், கவனிக்க. டிஸ்க் நிறைவது புதிதாகச் சேர்ப்பதால் மட்டும் இல்லை. ஒவ்வொரு புது டிஸ்க்கும் முந்தையதை முழுசாக உள்ளே போட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. எதை வைப்பது, எதை விடுவது என்று பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். மொத்தமாக நகலெடுக்க இரண்டு கிளிக் போதும். இந்தியர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் கைபேசிகளை அடைத்துக்கொள்கின்றன என்று 2018இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி போட்டது. அந்த ரோஜாவும் சூரியனும் ஆவி பறக்கும் காபியும் இன்று பத்திரிகையோடு பத்திரிகையாக மூன்று டிஸ்க்கில் பாதுகாக்கப்படுகின்றன. ஓலையில் எழுதியவனுக்கு இந்த வசதி இல்லை. ஒரு நூலைப் பிரதி எடுக்கக் கை நோகும் என்பதால் எதை எடுப்பது என்று யோசித்தான். யோசிக்காமல் விட்டதைக் கரையான் முடித்துவைத்தது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்குமுன் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். பத்திரிகையைப் பதிப்பிக்க விரும்பும் நான் ஏடு தொலையாதா என்று அலைகிறேன்.

இனிப் பாட ஆராய்ச்சி. 'பத்திரிகை'யில் சித்தப்பா பெயரே இல்லை. 'ஃபைனல்' பிரதியில் இருக்கிறது, தாய்மாமாவுக்குக் கீழே. 'ஃபைனல் 2'இல் தாய்மாமாவுக்கு மேலே ஏறி, பெயருக்குப் பின்னால் பி.காம். என்பதையும் பெற்றிருக்கிறது. 'ஒரிஜினல் ஃபைன'லில் பி.காம். இருக்கிறது, தாய்மாமாவைக் காணோம். 'இதுதான்' பிரதியில் இருவரும் ஒரே வரியில், சமமான எழுத்தளவில் நிற்கிறார்கள், பி.காம். நீங்கிவிட்டது. கடினமான பாடமே பழைய பாடம் என்பது பதிப்பியல் விதி. இங்கே எல்லாப் பாடமும் அந்த வீட்டில் கடினமாகத்தான் இருந்தது என்பதால் விதி உதவவில்லை. பி.காம். இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். மூன்றாம் ஆண்டுத் தாள் ஒன்று பாக்கி என்பது அவர்கள் வாதம். (சித்தப்பா, இரண்டாம் பதிப்பு, திருத்தியது, வெற்றிலை போட்டபின், மறுப்பு. மறுப்புக்கு மறுப்பு: சித்தி, சமையலறையிலிருந்து, குரல் மட்டும். அக்குரல் சித்தியுடையதே என்பதற்கும், சித்தி பத்தாவதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும்: என் மாமியார், அச்சேறாதது, அச்சேற்றக் கூடாததும். மாமியார் கூற்றை நச்சினார்க்கினியர் முறையில் எட்டு வாக்கியம் தள்ளியிருந்த சொல்லோடு கொண்டுகூட்டிப் பொருள் கண்டவர்: தாய்மாமா, மண்டப வாசல், செருப்பைத் தேடிக்கொண்டே.)

காலக்கணிப்பில் நிலைமை இன்னும் மோசம். கோப்பின் தேதியைப் பார்த்தால் முடிந்தது என்று இளம் ஆய்வாளர்கள் எண்ணலாம். 'பத்திரிகை இதுதான் (2)' எழுதப்பட்ட நாள் 1.1.1980 என்கிறது கணினி. மணமகள் அப்போது பிறக்கவில்லை. டாஸ் காலத்துக் கோப்பு முறை தேதியை எண்ணத் தொடங்கும் நாள் அது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினி பல சமயம் அங்கே போய் நின்றுவிடும். எளிய விளக்கம்தான். ஆனால் எளிய விளக்கத்தால் பேராசிரியர் பதவி கிடைத்ததாக வரலாறு இல்லை. எனவே ஒரு சாரார் 1980ஐ அப்படியே ஏற்று, தமிழர் திருமணங்கள் மணமகள் பிறப்பதற்கு முன்பே திட்டமிடப்பட்டன என்று நிறுவுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நிதி கிடைத்தால் 1970க்கும் கொண்டுபோக முடியும் என்கிறார்கள். மறுசாரார் எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்து, பத்திரிகை கல்யாணத்துக்குப் பிறகே எழுந்தது என்கிறார்கள். விருந்தினர் சிலருக்குப் பத்திரிகை வந்து சேர்ந்த தேதியை வைத்துப் பார்த்தால் இவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரு சாராரையும் இணக்கி, ஆறு பிரதிகளையும் நான்கு இடங்களிலிருந்து ஒப்பிட்டு, அடிக்குறிப்பில் பாடபேதங்களோடு செம்பதிப்பு ஒன்றை இவ்வாய்வாளர் தயாரித்துக்கொண்டிருந்தார். அச்சான பத்திரிகையில் யார் பெயர் மேலே இருந்தது என்ற ஒன்றுதான் தீர்வுக்கு நின்றது. அந்த வேளையில் மைத்துனன் மனைவி உள்ளே வந்து, இதற்கா இவ்வளவு என்று கேட்டு, பீரோவிலிருந்து அச்சான பத்திரிகையையே எடுத்துக் கையில் கொடுத்தாள். மஞ்சள் தடவிய மூலைகள்கூட அப்படியே இருந்தன. அதில் சித்தப்பாவும் இல்லை, தாய்மாமாவும் இல்லை; 'தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும்' என்று முடித்திருந்தார்கள்.

டிஸ்க்கில் உள்ள எந்தப் பிரதியோடும் ஒத்துவராததால் இப்பாடம் ஐயத்துக்குரியது எனப் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. அதை ஸ்கேன் செய்து ஏழாவது பிரதியாகச் சேர்க்க இடமில்லை. 8 டிபி டிஸ்க் ஒன்றுக்கு நிதி கோரும் விண்ணப்பம் மும்மடியாக அனுப்பப்பட்டுள்ளது.