அர்த்தநாரீஸ்வரரின் அயல்பணி

அருங்காட்சியகமும் அரசுப் பள்ளியும் கைகோத்துக் கலை கற்பிக்க வேண்டுமாம். கருத்தரங்கில் பேசுகிறார்கள். கைதட்டல், காபி, போண்டா. கேட்டால் விருத்தாசலத்துக்காரன் சிரிப்பான். அவன் ஊர் இதை 2004இலேயே செய்துவிட்டது. என்ன, பள்ளிக்கூடம் மட்டும் சிட்னியில் இருந்தது.

விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர், சோழர் காலத்துக் கற்சிலை, அந்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு அயல்பணி போனார். விலை மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். அனுப்பி வைத்தவர், திருட்டுச் சிலை விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலையை 1970இல் டெல்லிக் கடை ஒன்று விற்றதாக ரசீது சொன்னது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1974இல் எடுத்த படத்திலோ சாமி கோயிலிலேயே நிற்கிறார். டெல்லியில் விலைபோன பிறகும் நாலு வருஷம் விருத்தாசலத்தில் தரிசனம் தந்திருக்கிறார்! தலபுராணத்தில் சேர்க்க வேண்டிய அற்புதம். அறநிலையத் துறைக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பத்து வருஷம் சிட்னிக்காரன் பிள்ளை பார்த்தது. நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது. 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டெல்லிக்கு வந்து மோடி கையில் ஒப்படைத்தார். போட்டோ நன்றாக வந்திருந்தது.

நியூயார்க்கில் பொதுப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளை வெட்டியபோது, 1970இல், கலைஞர்களைப் பள்ளிக்கே அனுப்பும் திட்டம் ஒன்று பிறந்தது; இன்று அதை நடத்துவது குகன்ஹைம் அருங்காட்சியகம். கபூரின் மேடிசன் அவென்யூ கடை அந்த அருங்காட்சியகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரே வட்டாரத்தில் இரண்டு பாடத்திட்டம். நமக்கு வாய்த்தது கபூருடையது.

சரி, விருத்தாசலத்துக்குப் பக்கத்துச் சேத்தியாத்தோப்புப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எந்தப் பிள்ளையிடமாவது தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை வரும். நடுவே சூரியன். கீழே ஓர் ஆறு, ஓரத்தில் தென்னை. சேத்தியாத்தோப்பில் ஏதய்யா மலை? கரும்புக்கொல்லை இருக்கிறது. வெள்ளாற்று அணைக்கட்டு இருக்கிறது. வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் ராட்சதக் குழாய் இருக்கிறது. அதையெல்லாம் பார்த்து வரை என்று சொல்ல ஆள் வேண்டுமே. டிராயிங் பீரியடில் கணக்கு சார் போர்ஷன் முடித்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை, சூளை, பொம்மை அச்சு, பீங்கான் தொழில் படிக்க அரசு நிறுவனம் எல்லாம் உண்டு. ஒரு பஸ் பிடித்தால் போதும். பிள்ளை கையில் ஒரு பிடி களிமண் கொடுக்க மட்டும் அரசாணை வரவில்லை.

பள்ளிகளில் கலைத் திருவிழாவுக்குக் குறைவில்லை. 2022 முதல் ஆண்டுதோறும் மேடை, மாலை, அமைச்சர். ஓவியம் கற்றுத்தரத்தான் 2012இல் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். இசை, உடற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பேர். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அதை 12,500 ஆக்கும் அறிவிப்பு வருவதற்குள் 2023 ஆகிவிட்டது. நடுவில் எத்தனை முறை அவர்களை சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்திலிருந்து போலீஸ் வேனில் ஏற்றினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பணி நிரந்தரம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியவர்கள்தான் வேனையும் அனுப்பினார்கள்.

மே 18 உலக அருங்காட்சியக நாள். மாணவருக்கு ஓவியப் போட்டி என்று அறிவிப்பு வரும். பள்ளிகளுக்கோ கோடை விடுமுறை. ஓவிய ஆசிரியரைத் தேடாதீர்கள். பல ஆண்டுகள் அவருக்கு மே மாதச் சம்பளமே தரவில்லை.