ஒரு டன் வண்டியும் 84 கிலோ லோடும்

பிக்கப் வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு ரகம். ஏற்றுவதற்கு மூட்டை இருப்பதால் வாங்குகிறவர்கள் முதல் ரகம். வண்டி தூக்கிப் போடுகிறது என்று இவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. மூட்டைகளும் சொல்வதில்லை. முகப்பு அகலமாக இருக்கிறது, தெருமுனையில் திரும்பினால் எதிரே வருகிறவன் தானாக ஒதுங்குகிறான் என்பதற்காக வாங்குகிறவர்கள் இரண்டாவது ரகம்.

என் மச்சினன் இரண்டாவது ரகம். பொள்ளாச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். கடைக்கு வரும் சரக்கில் கனமானது இருமல் டானிக் பெட்டி. அதையும் ஏஜென்சிப் பையன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவான். குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு உண்டுதான். ஆனால் காயை வியாபாரி தோப்பிலேயே எண்ணி, தன் லாரியிலேயே ஏற்றிக்கொள்வார். இப்படி ஏற்றுவதற்கு ஒரு சாமானும் இல்லாத வீட்டு வாசலில், சுமார் ஒரு டன் சுமக்கக்கூடிய இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றது.

அதில் ஏறிய ஒரே லோடு நான். 84 கிலோ. பின்சீட்டு.

முன்சீட்டு என் மாமியாருக்கு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த மாதிரி வண்டியில் முன்சீட்டும் பின்சீட்டும் வேறு வேறு வாகனங்கள் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாகச் சுருள் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது சக்கரம் தன் பாட்டுக்குப் போகும். பின்னாலோ, குறுக்கே ஒரே இரும்பு ஆக்சில். அதன் இரு பக்கமும், இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து அடுக்கிய கமான் பட்டைக் கட்டு. 1804-இல் ஒபதையா எலியட் என்ற இங்கிலாந்துக்காரர் குதிரை வண்டிக்கு வில் ஸ்பிரிங் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். குதிரை போய்விட்டது. வில்லை மட்டும் பின்சீட்டுக்காரர்களுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

விட்டுவைத்ததற்குக் காரணம் உண்டு. கமான் பட்டை மலிவு, சுமை தாங்கும், ஆக்சிலை முன்னும் பின்னும் நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் அதுவே செய்துவிடும். முழு லோடு ஏறும்போது வில் ஏறக்குறைய நிமிர்ந்து, வண்டி மட்டமாக நிற்கும்படிதான் கணக்குப் போட்டு அடுக்கியிருப்பார்கள். காலியாக ஓட்டினால் அது கொஞ்சமும் நெகிழாது. போதாததற்கு, அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. சின்ன மேட்டுக்கெல்லாம் அந்த உராய்வை மீறிப் பட்டை அசைவதே இல்லை. சாலையில் கிடக்கும் ஒரு தேங்காய் மட்டையின் மீது டயர் ஏறிய செய்தி சேதாரமில்லாமல் அப்படியே என் முதுகெலும்புக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதற்கு எண்ணிலும் விளக்கம் உண்டு. ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. மேலே இருக்கும் எடை குறைந்தால் ஆட்டம் வேகமாகும். பயணிகள் காரை ஒரு நொடிக்குச் சுமார் ஒன்று, ஒன்றரை முறை மேலும் கீழும் ஆடும்படி அமைக்கிறார்கள். தூளியில் தூங்கி வளர்ந்தவர்களுக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. காலியான பிக்கப்பின் பின்பக்கம் அதைவிடப் படபடவென்று ஆடும். நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான செங்குத்து அதிர்வுதான் மனித உடம்புக்கு ஆகவே ஆகாது என்கிறது, அதிர்வை அளப்பதற்கென்றே எழுதிவைத்திருக்கும் ஐஎஸ்ஓ 2631 தரநிலை. என் வயிறு அந்தத் தரநிலையைப் படித்ததில்லை. முடிவு மட்டும் அதேதான்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தேர்தலில் நிற்காத காங்கிரஸ் இது. பொறியாளர்கள் கூடி சாலைக்கு இலக்கணம் எழுதுவார்கள். வேகத்தடை வட்ட வளைவாக, 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று 1988-இல் அது எழுதிய இலக்கணம். எங்கள் தெருவிலிருந்து கடைவீதிக்குப் போகும் வழியில் இருப்பவை இலக்கணம் மீறிய புதுக்கவிதைகள். ஒன்று, யார் வீட்டுக் கோழியோ அடிபட்ட கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிய கான்கிரீட் திண்ணை. அகலம் ஒரு சாண். மற்றொன்றைக் கோயில் திருவிழாவுக்குப் போட்டார்கள்; அம்மன் ஊர்வலம் முடிந்து கோயிலுக்குள் போய்விட்டாள், மேடு போகவில்லை. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது மச்சினன் ரியர்வியூ கண்ணாடியில் என்னைப் பார்ப்பான்.

"எப்படிங்க மாமா இருக்குது?"

"என்னமோ இருக்குது, மாப்ளே. பல்லு இருக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

இப்படித்தான் வண்டியைச் சீர்திருத்தும் திட்டம் தொடங்கியது. நான் அதன் அளவுகருவி ஆனேன். இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், 1930-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய காடிலாக் காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டி ஓட்டி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங்கைவிடப் பின் ஸ்பிரிங் சற்று வேகமாக ஆடினால், மேட்டில் முன்பக்கம் முதலில் எழும்பினாலும் பின்பக்கம் ஓடிவந்து ஜோடி சேர்ந்துகொள்ளும், வண்டி முன்னும் பின்னுமாகக் குலுங்காது என்று கண்டுபிடித்தார். பின்பக்கம் எந்த அளவுக்கு வேகமாக ஆட வேண்டுமோ அதற்கு மேலேயே எங்கள் வண்டி ஆடிக்கொண்டிருந்தது என்பதுதான் வித்தியாசம்.

முதல் யோசனை பஞ்சர் கடை அண்ணனிடமிருந்து வந்தது. டயரைத் தட்டிப் பார்த்தார். "யாருங்க இத்தனை காத்து அடிச்சது?" பெட்ரோல் பங்க் பையன்தான் "பெரிய வண்டிங்கண்ணா, 50 வெச்சிடலாம்" என்று நான்கு சக்கரத்துக்கும் ஒரே நீதியாக அடித்துவிட்டிருந்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலியாக ஓடினால் எத்தனை, லோடு ஏற்றினால் எத்தனை என்று அதில் போட்டிருந்தது. சாலைக்கும் ஆளுக்கும் இடையில் இருக்கும் முதல் ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஸ்டிக்கர் சொன்ன அளவுக்குக் காற்றை இறக்கியதும், சின்னச் சின்ன அதிர்வுகளில் பாதி காணாமல் போயின. அந்த வண்டிக்குச் செய்த வேலைகளிலேயே சிறந்தது அதுதான் என்பது இன்றுவரை என் கட்சி. மச்சினனுக்கு அதில் திருப்தி இல்லை. செலவே இல்லாமல் வந்த முன்னேற்றத்தை யாரிடம் காட்டுவது?

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் இருக்கிறார். "நாலு மூட்டை மணலப் பின்னாடி போட்டுக் கட்டி வெய்யுங்க தம்பி, மெத்தையாட்டப் போகும்" என்றார். இயற்பியல்படி அது முழுக்கச் சரி. ஈர ரோட்டு வளைவில் காலிப் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும் தொல்லையும் அதில் குறையும். ஆனால் பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியில் மணலைச் சுமந்துகொண்டு கலியாணத்துக்குப் போவது எப்படி என்று மச்சினன் கேட்டான். அவன் மனைவி அதற்கும் ஒரு படி மேலே போய், மணலுக்குப் பதிலாகத் தன் மாமியாரைப் பின்னால் உட்காரவைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னாள். அது யார் காதிலும் விழாததுபோல் எல்லோரும் நடந்துகொண்டோம்.

அடுத்து உடுமலை ரோட்டில் ஒரு கமான் பட்டறை. பெரியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"எத்தனை பட்டை ஏத்தோணுங்க?"

"ஏத்த வேண்டாங்க. ஒண்ணு உருவோணும்."

பெரியவர் நிமிர்ந்தார். அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் கூடுதலாக ஒரு பட்டை சொருகச் சொல்லி வருகிறவர்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அது தெரிந்தும் கியூவில் நிற்கிறார்கள். பட்டையைக் கழற்றச் சொன்ன முதல் ஆள் எங்கள் மச்சினன்.

"உருவிடலாங்க. வண்டியில என்ன ஏத்துவீங்க?"

மருந்துக்கடை முதலாளி பதில் சொல்ல முடியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். பெரியவரும் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, ஒண்ணு உருவலாம்" என்றார். எடை போடும் எந்திரத்தில் ஏறியபோதுகூட எனக்கு அவ்வளவு கூச்சம் வந்ததில்லை.

யு போல்ட்டைத் தளர்த்தி, சென்டர் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் சம இடத்திலிருந்து ஒவ்வொரு பட்டையை உருவினார்கள். மிச்சப் பட்டைகளுக்கு இடையில் துருவைச் சுரண்டிவிட்டு கிரீஸ் தடவினார்கள். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று மச்சினன் கேட்டான். "அது உழைக்குமுங்க, ஆனா ரப்பர் அமுக்கற சத்தத்தையும் அதிர்வையும் அது அமுக்காது" என்று ரப்பரையே போட்டார். கொண்டுபோன பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. இது மச்சினனை மறுபடியும் கவலையில் ஆழ்த்தியது.

அந்தக் கவலை கோயமுத்தூரில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் தீர்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு ஷாக் அப்சார்பர்களை நகைக்கடைபோல் அடுக்கிவைத்திருந்தார்கள். ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கத் துள்ளும்போது, அந்தத் துள்ளலை எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே பிதுக்கிச் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுவதுதான் ஷாக்கின் வேலை. கரடுமுரடான ரோட்டில் விடாமல் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைக்கும். நுரைத்தால் பிடிப்பு போய்விடும். நுரைக்காமல் இருக்கத்தான் உள்ளே நைட்ரஜனை அழுத்தி வைக்கிறார்கள். மச்சினன் வாங்கியதில் இரண்டு இஞ்ச் தூக்கும் கிட்டும் சேர்ந்திருந்தது. எதற்கு இரண்டு இஞ்ச் என்று கேட்டேன். "ஆஃப்ரோடுங்க மாமா." பொள்ளாச்சியில் ஆன்ரோடும் அதுவும் ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

புதிய ஷாக் வேலை செய்தது. அதில் பொய் இல்லை. முன்பு ஒரு திண்ணையைத் தாண்டினால் அடுத்த திண்ணை வரும்வரை ஆடிக்கொண்டிருந்த வண்டி, இப்போது ஒரே ஆட்டத்தில் அடங்கியது. மச்சினன் வண்டியை ஓரம்கட்டி, என்னை இறக்கி, ஷாக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். சுட்டது. "வேலை செய்யுதுங்க மாமா" என்று பூரித்தான். விரலை ஊதிக்கொண்டே ஆமோதித்தேன்.

இரண்டு இஞ்ச் கதை வேறு. வண்டி உயர்ந்ததும் அதன் எடையும் உயரத்துக்குப் போய்விடுகிறது. வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயும். முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலின் கோணம் கூடுகிறது, வீல் அலைன்மென்ட் புதிதாகப் பார்க்க வேண்டும், ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தும். பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒன்று வேறு இருக்கிறது. இவை எதுவும் மச்சினனை அசைக்கவில்லை. அசைத்தது என் மாமியார். மறுநாள் கோயிலுக்குப் புறப்பட்டவர் முன்சீட்டை அண்ணாந்து பார்த்தார். உள்ளே போய் சமையலறை முக்காலியை எடுத்துவரச் சொன்னார். அதன் மீதேறி உட்கார்ந்ததும் முக்காலியையும் உள்ளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், இறங்கும்போது வேண்டும் என்று. கோயில் வாசலில் ஊரே பார்த்தது. அந்த வாரக் கடைசியில் இரண்டு இஞ்சும் இறங்கின. ஷாக் மட்டும் தங்கியது.

பரீட்சை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு. 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே தோப்பு ரோட்டில் வண்டி மிதந்தது, நான் கண்ணயர்ந்தேன்கூட. மலை ஏறத் தொடங்கியதும் மெதுமையின் விலை தெரிந்தது. வளைவுக்கு வளைவு பின்பக்கம் நிதானமாகச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன், மடியிலிருந்த முறுக்குப் பையும் சாய்ந்தது. விறைப்பாக வைத்தால் வளைவில் நேராக நிற்கும், மேட்டில் உதைக்கும். நெகிழ வைத்தால் மேட்டில் தாலாட்டும், வளைவில் சாயும். கனமான ஆன்டி ரோல் பார் ஒன்று போட்டால் சாய்வு குறையும் என்று மச்சினன் வழி நெடுக விளக்கினான். போட்டால் ஒரு பக்கக் குழியின் உதை மறுபக்கத்துக்கும் போகும் என்று நான் பின்சீட்டிலிருந்து விளக்கினேன். அதற்குள் இதெல்லாம் எனக்கும் அத்துப்படி ஆகியிருந்தது. முன்சீட்டில் மாமியார் மட்டும் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி வந்த நாளிலிருந்து அவர் இதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு விஷயம்: "தோப்புக்கு எரு கொண்டுபோறதுக்கு ஆகுமா?" யாரும் பதில் சொல்லாததால் ஒரு நாள் அவரே ஆள் வைத்து ஏற்றிவிட்டார். அரை டன்னுக்குக் குறையாது. அன்றைக்குப் போன சுகம் அதற்கு முன் எந்த நாளும் இல்லை. திண்ணைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. வாசனையை மட்டும் பொறுத்துக்கொண்டால் சொர்க்கம். ஆனால் ஒரு பட்டை குறைந்த பின்பக்கம் நன்றாக அமிழ்ந்து, முகப்பு வானத்தைப் பார்த்தது. இருட்டியதும் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டுத் தென்னை மரங்களின் குலைகளை எண்ணிக்கொண்டே வந்தது.

"பட்டையத் திருப்பிப் போட்டர்லாங்க மாமா" என்றான் மச்சினன். பரணில் தேடினான், மாட்டுக் கொட்டகையில் தேடினான். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து இளநீர் சீவிக்கொண்டிருந்தார். கையில் புத்தம் புதிய அரிவாள். கமான் பட்டை சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகு. ஊர்க் கொல்லர்கள் நல்ல அரிவாளுக்கு அதைத்தான் தேடுவார்கள். ஒரே வெட்டில் இளநீரின் தலை போனது. என்னிடம் நீட்டினார்.

"நல்ல இரும்புங்க மாப்பிள்ளை. அந்த வண்டியில இன்னும் எத்தனை பட்டை இருக்குது?"