'நானே' சார்

எல்லாக் காலனியிலும் ஒருவர் இருக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆடிட்டர் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார். "நாலு கட்டத்தை நிரப்பறதுக்கு ஒருத்தருக்குக் காசு குடுக்கணுமா? நானே போட்டுடுவேன் சார்!" அதனால் அவருக்குப் பெயரே 'நானே' சார். இயற்பெயர் பான் கார்டில் மட்டும் இருக்கிறது.

ஜூலை பிறந்ததும் பழைய டயரி ஒன்றோடு வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார். காலனி மொத்தத்தின் பான் எண்ணும் பிறந்த தேதியும் அதில் இருக்கின்றன. வருமான வரித்துறை தரும் ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறக்க அவை இரண்டும் சேர்ந்ததுதான் கடவுச்சொல். ஆகவே, காலனிப் பெண்மணிகளின் நிஜ வயது தெரிந்த ஒரே ஆண்மகன் அவர். பலர் அவரிடம் கூடுதல் மரியாதையோடு நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூலை 24 வருமான வரி தினம் என்பதைக் காலனிக்கு நினைவூட்டுபவரும் அவரே. "1860-ல ஜேம்ஸ் வில்சன்னு ஒரு துரை கொண்டு வந்தது. அதே ஆகஸ்ட்ல கல்கத்தாவுல செத்துப்போயிட்டான். அடுத்த ஜூலையைப் பார்க்காத புண்ணியவான்" என்பார் பொறாமையோடு.

ரிட்டர்ன் போட்டால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் காலனி பஜனை மடமாகிவிடும். கீழிருந்து சார், "ஓ.டி.பி. வந்துச்சா?" என்பார். மூன்றாம் மாடியிலிருந்து, "வந்துச்சு, கண்ணாடியைக் காணோம்!" என்று பதில் வரும். கண்ணாடி கிடைப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகும். சார் சளைக்க மாட்டார்.

அவரைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பென்ஷன், டெபாசிட் வட்டி, குடியிருக்கும் ஒரு வீடு, ஆண்டு வருமானம் 50 லட்சத்துக்குள் என்றால் 'சகஜ்' எனப்படும் ஐ.டி.ஆர்.-1 போதும். பாதிக் கட்டங்களைப் போர்ட்டலே நிரப்பி வைத்திருக்கும். இதற்கும் பையில் காகிதங்களை அள்ளிக்கொண்டு ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் அரை நாள் காத்திருப்பவர்களைப் பார்த்து அவர் சிரிப்பது நியாயம். "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் குடுங்க" என்று வரும் புரோக்கரை அவர் கேட்டைத் தாண்டவே விடமாட்டார். கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாக எழுதி வாங்கும் ரீஃபண்டு, பிறகு வட்டியும் அபராதமுமாகத் திரும்பிப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய ஞானம் முழுவதும் பிரிவு எண்களில் குடியிருந்தது. எல்.ஐ.சி., பி.எஃப். என்றால் 80சி. மெடிக்ளெய்ம் என்றால் 80டி. பேரப்பிள்ளைகளின் பிறந்த நாளை மறப்பார், 80டிடிபி-யை மறக்கமாட்டார். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் வருடத்துச் சட்டம் போய், 2025-ம் வருடத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 80சி, 123-வது பிரிவாகிவிட்டது. சார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தொந்தரவு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், சகஜுக்கு வெளியே இருக்கும் உலகத்தையும் அவர் சகஜமாக எடுத்துக்கொள்ளும்போது. மேல்வீட்டுப் பையன் பங்குச்சந்தையில் எஃப் அண்ட் ஓ-வில் கையைச் சுட்டுக்கொண்டு வந்தான். "நஷ்டத்துக்கு யாருடா வரி போடுவான்? காட்டாதே" என்று அருள்வாக்குச் சொன்னார். அது வியாபாரக் கணக்கில் சேர்வது, ஐ.டி.ஆர்.-3 போட வேண்டியது. கெடுவுக்குள் காட்டியிருந்தால் அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னே எடுத்துச் சென்று பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழித்திருக்கலாம். அமெரிக்காவிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்த எதிர்வீட்டு மருமகனிடம் அங்கே கம்பெனி பங்குகள் இருந்தன. "அதை அமெரிக்காக்காரன் பார்த்துப்பான்" என்றார். வரிச் சட்டப்படி இந்தியாவில் 'சாதாரணமாகக் குடியிருப்பவர்' ஆகிவிட்டால் வெளிநாட்டுச் சொத்துகளைப் பட்டியலிட்டே ஆக வேண்டும். விட்டால் அபராதம் 10 லட்சம் வரை போகும். நல்லவேளை, மருமகன் மாமனார் பேச்சையே கேட்காதவர், எதிர்வீட்டுக்காரர் பேச்சையா கேட்பார்!

கடைசியில் சோதனை சார் வீட்டுக்குள்ளேயே வந்தது. மாமியின் அப்பா எழுதி வைத்த மனையைத் தை மாதம் 52 லட்சத்துக்கு விற்றார்கள். "பொறந்த வீட்டுச் சொத்து, வரியே கிடையாது" என்று சார் தீர்ப்பளித்திருந்தார். பாதி உண்மை. அப்பாவிடமிருந்து வரும்போது வரி கிடையாது, விற்கும்போது உண்டு. 50 லட்சம் தொட்ட விலை என்பதால், வாங்கியவர் ஒரு சதவீதம் பிடித்து மாமியின் பான் எண்ணில் கட்டியிருந்தார். ஆடியில் அது சாரின் கண்ணில் பட்டது.

"உன் பேர்ல 52,000 ரூபா ரீஃபண்ட் நிக்குது, எடுத்துத் தர்றேன் பார்!"

எடுக்கப் போனார். ஐ.டி.ஆர்.-1 கதவை மூடியது. ஐ.டி.ஆர்.-2, '1.4.2001 அன்று சொத்தின் மதிப்பு என்ன?' என்று கேட்டது. சார் டயரியைப் புரட்டினார். அந்தத் தேதியில் பால் கணக்கு மட்டும் இருந்தது.

"பக்கத்துத் தெருவுல ஆடிட்டர் பொண்ணு இருக்கே" என்றார் மாமி.

"அதுவா? சின்னப் பொண்ணு. நான்தான் சொல்லிக் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார்.

அந்தப் பெண் பத்திரத்தைப் புரட்டினாள். "2001-ல கைடுலைன் மதிப்பு 4 லட்சம் வருது அங்கிள். லாபம் 48 லட்சம். ஆன்ட்டிக்கு வேற வருமானம் இல்லாததால அடிப்படை விலக்கு 4 லட்சத்தையும் கழிக்கலாம். மீதி 44 லட்சத்துக்குப் பன்னிரண்டரை சதவீதம், அஞ்சரை லட்சம். செஸ் சேர்த்தா 5 லட்சத்து 72 ஆயிரம்."

சார் தண்ணீர் கேட்டார்.

"54 ஈசி பார்க்கலையா அங்கிள்?"

"ஈசியெல்லாம் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தாச்சும்மா. வில்லங்கமே இல்லை."

"அந்த ஈசி இல்ல அங்கிள். பத்திரம் முடிஞ்ச ஆறு மாசத்துக்குள்ள ஆர்.இ.சி. மாதிரி பாண்டுல லாபத்தைப் போட்டிருந்தா, 50 லட்சம் வரைக்கும் வரி கிடையாது. உங்களுக்குக் கெடு தாண்டி ஆறு நாள் ஆச்சு. வில்லங்கம் இப்பத்தான் ஆரம்பிக்குது."

பணம் முழுக்க வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்தது. போட்டவர் சார்தான். மாமி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சாருக்கு.

"ஆன்ட்டி பேர்ல வீடு வாங்கற எண்ணம் இருந்தா இன்னும் ஒரு வழி இருக்கு" என்றாள் அந்தப் பெண். "ஜூலை 31-க்குள்ள பணத்தை மூலதன ஆதாயக் கணக்குல போட்டுட்டு, வித்த தேதியிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வாங்கணும். அடுத்த தடவை பத்திரம் போட்டுட்டு வராதீங்க அங்கிள், போடறதுக்கு முன்னாடி வாங்க. நடந்து முடிஞ்சப்புறம் என்னால கணக்குத்தான் போட முடியும்."

சார் திருந்திவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. பென்ஷன்காரர்களுக்கு இன்றும் அவர்தான் போடுகிறார், சரியாகவும் போடுகிறார். ஆனால் யாராவது மனை விற்கப் போகிறேன், பிசினஸ் தொடங்கப் போகிறேன், நோட்டீஸ் வந்திருக்கிறது என்று வாயைத் திறந்தால், அட்வான்ஸ் கை மாறும் முன்பே அவர்களைப் பக்கத்துத் தெருவுக்கு இழுத்துப் போகிறார். அங்கே ஆடிட்டர் பேசப் பேச, முன்கூட்டியே தலையாட்டுகிறார். வெளியே வந்ததும், "பொண்ணுக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கேன், இல்லே?" என்கிறார்.

அன்றைக்கு ஃபீஸ் கொடுக்கும்போது மட்டும் சாருக்குக் கை நடுங்கியது.

"ஏம்மா, இந்த ஃபீஸை எந்தப் பிரிவுல கழிச்சுக்கலாம்?"

"பென்ஷன்காரருக்கு எதுலயும் கழிக்க முடியாது அங்கிள்."

"பழைய சட்டத்துலயா, புதுசுலயா?"

"ரெண்டுலயும்தான்."

"நல்லாத் தேடிப் பாரும்மா" என்றபடி சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.