பேரியத்தின் கடைசி வரி

சிவகாசிப் பக்கம் நான் கணக்கு எழுதிய பட்டாசு ஆலையில் சரக்கு இருப்புக்குத் தடித்த பைண்டு நோட்டுதான். வெடியுப்புக்கு ஒரு பக்கம், கந்தகத்துக்கு ஒரு பக்கம், அலுமினியப் பவுடருக்கு ஒரு பக்கம். வேண்டிய பக்கத்தைப் புரட்டி அடி வரியைப் பார்த்தால் போதும். கடைசித் தேதியும் இருப்பும் அங்கேயே நிற்கும்.

இப்போது எல்லாச் சரக்கும் கம்ப்யூட்டரில் ஒரே டேபிளில் கலந்து கிடக்கின்றன. புதிதாகச் சேர்ந்த தம்பி மொத்த டேபிளுக்கும் மேக்ஸ் போட்டுக் கடைசித் தேதியை எடுத்து, அந்தத் தேதி வரிகளை வரவழைத்தான். அன்று மருந்துக் கலவைக்கு இறங்கிய மூன்று சரக்குதான் வந்தன.

“மத்ததெல்லாம் எங்கே தம்பி?”

“இன்னைக்கு என்ட்ரி இல்லையே அண்ணாச்சி.”

அசையாத சரக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. 2021 அக்டோபர் 29 அன்று அதை மறுபடியும் அழுத்திச் சொன்னது. கம்பி மத்தாப்புக்கும் பச்சை ஒளிக்கும் போட்டுவந்த பேரியம் நைட்ரேட்டில் மிஞ்சியது குடோனில் தொடாமல் கிடந்தது. ஆய்வுக்கு வருபவர் கேட்பதே அதைத்தான்: எவ்வளவு இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?

சரக்குவாரியாக குரூப் பை போட்டு, அதனதன் கடைசித் தேதியை எடுக்க வேண்டும். பிறகு சரக்கு, தேதி இரண்டையும் பொருத்தி அதே டேபிளோடு ஜாயின் செய்தால் முழு வரியும் வரும். காலையில் வரவு, மாலையில் பற்று என்று ஒரே நாளில் இரண்டு வரி விழுந்திருந்தால் என்ட்ரி நம்பரில் பெரியதைப் பிடிக்க வேண்டும். தேதியை வெறும் எழுத்தாக ஏற்றியிருந்தால் வம்புதான்: இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு, 05-11-2023-ஐ விட 30-04-2022 பிந்தியது என்று சொல்லிவிடும்.

தம்பி எல்லாவற்றையும் சரிசெய்தான். பேரியமும் திரைக்கு வந்தது, 2022 ஏப்ரல் 1 என்ற தேதியோடு. நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய அன்று ஏற்றிய தொடக்க இருப்பு அது. அன்று யாரும் பேரியத்தைத் தொடவில்லை. ஆனால் தடைக்குப் பிந்தைய தேதி எதிரே நின்றால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

கம்ப்யூட்டர் வந்துவிட்டதென்று பழைய நோட்டுகளை எடைக்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு பதறும். பைண்டு நோட்டை எடுத்துவந்து, தடைக்கு முந்தைய கடைசிப் பற்று வரியை இருப்போடு வாசித்தேன். பழைய தேதியிலேயே அதை ஏற்றினான். தொடக்க இருப்பு வரிகளைத் தனி வகையாகக் குறித்து, கடைசித் தேதி தேடும்போது ஒதுக்கிவிட்டான்.

மற்றச் சரக்குகளின் பழைய பக்கங்களையும் இருவருமாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இப்போது ஸ்ட்ரான்சியம் நடக்கிறது.