திறந்த பிறகு தெரிந்த கட்டி

கேள்வி: இதயத்திலும் கட்டி வருமோ? (வாசகர், சுன்னாகம்)

பதில்: வரும், மிக அரிதாக. இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று புற்றுநோயல்ல. ஆகவே பெயரைக் கேட்டவுடன் கலங்கவேண்டாம்.

கேள்வி: அக்காவுக்கு வால்வு ஒப்பரேசன். நெஞ்சைத் திறந்த பிறகுதான் கட்டி இருப்பது தெரிந்ததாம். முன்னரே ஏன் பிடிபடவில்லை? (வாசகி, கரவெட்டி)

பதில்: எந்த வகைக் கட்டியென்று நீங்கள் எழுதவில்லை. மிக்ஸோமா என்றால், அது பெரும்பாலும் இடது மேலறையில் காம்பு விட்டு வளர்ந்து வால்வின் வழியை அடைக்கும். அதனால் வரும் இளைப்பு, படுத்தால் மூச்சுமுட்டல் எல்லாம் வாதக்காய்ச்சலால் சுருங்கிய வால்வின் குறிகளேதான். எக்கோ (இதய ஸ்கான்) வராத காலத்தில், வால்வை விரிக்கவென்று திறந்த நிபுணர்களின் கையில் வழுவழுத்த கட்டி தட்டுப்பட்டதுண்டு. 1559இலேயே இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரெயால்டோ கொலம்போ இதயக் கட்டியைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் மிக்ஸோமாவை அகற்றி ஆளைப் பிழைக்கவைத்தது 1954இல்தான், ஸ்டொக்ஹோமில், சத்திரசிகிச்சை நிபுணர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட்.

இன்று மிக்ஸோமா எக்கோவுக்குத் தப்புவது குறைவு. தப்பக்கூடியது பப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா. வால்வில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். தண்ணீரிலிட்டால் கடற்சாமந்தி மாதிரி விரியும். வால்வும் தடித்திருந்தால் எக்கோவில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். வைத்தியரின் கவனயீனம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: சும்மா இருக்கிற கட்டியை என்னத்துக்கு வெட்டுவான்? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: இதயம் சும்மா இருக்கிறதா? ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டியும் ஆடும். இடப்பக்கத்தில் ஒரு துணுக்கு உடைந்தாலும், மேலே படிந்த இரத்தக்கட்டி கழன்றாலும் மூளைக்குப் போகலாம், பாரிசவாதம் வரும். நெஞ்சு ஏற்கெனவே திறந்திருக்கும்போது அதை விட்டுவைப்பதுதான் பிழை.

கேள்வி: கொழும்புக்குத்தான் போகவேணுமோ? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: இல்லை. நம்முடைய யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியிலேயே இப்போது திறந்த இதய சத்திரசிகிச்சை நடக்கிறது.

கேள்வி: டொக்டர் சொன்னது ஒன்றும் விளங்கேல்லை. திருப்பிக் கேட்கலாமா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: தாராளமாக, தமிழிலேயே கேளுங்கள். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் உங்களுடையது. கட்டி எந்த அறையில் இருந்தது, ஆய்வுகூட அறிக்கை என்ன சொல்கிறது, அடுத்த எக்கோ எப்போது என்று கேளுங்கள். மிக்ஸோமா சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், திரும்பவும் முளைக்கும். அப்படியென்றால் சகோதரர்களும் பிள்ளைகளும் எக்கோ செய்யவேண்டும். அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டுவாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.